தேய்ப்புக்குப் போன பேட்ஜ்

தேய்ப்பு வண்டியிலிருந்து வந்த இரண்டு வெள்ளைக் கோட்டுகளும் இன்னும் சூடாக இருந்தன. ஒன்று என்னுடையது, மற்றது அக்காவுடையது. என் கோட்டை உதறியபோது பைக்குள் ஏதோ தட்டுப்பட்டது. டோஸ் பேட்ஜ். அதன் பிளாஸ்டிக் உறை ஒரு மூலையில் இளகி வளைந்திருந்தது. அக்காவின் கோட்டுப் பை காலியாக இருந்தது. அவருடைய பேட்ஜை முன்பே எடுத்து மேஜையில் வைத்துவிட்டேனா? வைத்தது போலவும் இருந்தது, வைக்காதது போலவும் இருந்தது.

ராஜபாளையத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி எக்ஸ்ரே அறையில் இருவரும் வேலை பார்த்தோம். அக்கா என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. எனக்கு மூத்த டெக்னீசியன். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். எக்ஸ்ரே கதிரோடு புழங்குகிறவர்கள் நெஞ்சில் அந்தப் பேட்ஜைக் குத்திக்கொள்ள வேண்டும். உள்ளே சின்னச் சின்ன வில்லைகள். மேலே படுகிற கதிரைச் சத்தமில்லாமல் வாங்கி வைத்துக்கொள்ளும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சோதனைக்கூடத்துக்கு அனுப்புவோம். அங்கே சூடாக்கினால் வாங்கி வைத்ததையெல்லாம் வெளிச்சமாகக் கக்கிவிடும். அந்த வெளிச்சத்தை அளந்து, உடம்பு எவ்வளவு வாங்கியது என்று எழுதி அனுப்புவார்கள். ஒருமுறை சூடு கண்ட வில்லை எல்லாவற்றையும் மறந்துவிடும். திரும்பக் கேட்க வழியில்லை. அதனால்தான் கோட்டைத் தேய்க்கக் கொடுக்குமுன் பேட்ஜைக் கழற்ற வேண்டும் என்பது எங்கள் அறையின் சட்டம். அந்த வாரம் கோட்டுகளைக் கொண்டுபோய்க் கொடுத்தவன் நான்.

திங்கட்கிழமை அக்காவே இரண்டு பேட்ஜ் வில்லைகளையும் கவரில் வைத்து அனுப்பினார். அவருடைய பேட்ஜ் எப்படி அவர் கைக்கு வந்தது என்று நான் கேட்கவில்லை. அதன் பிளாஸ்டிக் உறையை எடுத்துப் பார்த்தேன். பலமுறை கீழே விழுந்து நசுங்கியது அது. எது பழைய வடு, எது புதியது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. மத்தியானம் சாப்பாட்டுத் தூக்கைத் திறக்காமலே உட்கார்ந்திருந்தார்.

"ஏலே தம்பி, யார்ட்டயும் சொல்லிராத. முழுகாம இருக்கேன். ரெண்டு மாசம் தெரியாமலே ஆபரேசன் தியேட்டர்ல எக்ஸ்ரே மிஷின் பக்கத்துல நின்னிருக்கேன்."

கல்யாணமாகி ஏழு வருடம் கழித்து வந்த பிள்ளை.

"எங்க வீட்டுக்காரவிய, கதிர் பட்ட பிள்ளை வேண்டாம், கலைச்சிருங்காவ. டாக்டரம்மா பயப்படாதீய, அளவப் பாத்துட்டுப் பேசுவோம்னாக. ரிப்போர்ட் வரட்டும்னு தவணை கேட்டிருக்கேன்."

ஒரு பிள்ளை இருப்பதும் இல்லாமல் போவதும் அந்த வில்லைகளைப் பொறுத்து இருந்தது. நானோ அவற்றை இஸ்திரிப் பெட்டிக்கு அடியில் கொடுத்திருக்கலாம். அந்தச் சூடு அவ்வளவையும் அழிக்கப் போதுமா? அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது.

சில வாரத்தில் ரிப்போர்ட் வந்தது. எனக்குப் பூச்சியம், அவருக்கும் பூச்சியம். என் பெயருக்கு நேரே எப்போதும் கொஞ்சமாவது வரும். அவருக்குப் பூச்சியம் வந்த காலங்களும் உண்டு. எதை நம்ப?

"பாத்தியாலே. இத அவிய மூஞ்சில கொண்டு ஒட்டுதேன்" என்றார் அக்கா. அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன். "டீ சொல்லட்டாக்கா" என்று வந்தது.

பெண் பிறந்தாள். நன்றாக இருந்தாள். அதன் பிறகும் அவளுக்கு ஒரு காய்ச்சல் என்று கேட்டால் என் பேட்ஜ் உறையின் வளைந்த மூலையை எடுத்துப் பார்ப்பேன்.

போன மாதம் ஸ்ரீவில்லிபுத்தூரில் அக்காவைப் பார்த்தேன். மகளைக் கிருஷ்ணன்கோவில் போகும் காலேஜ் பஸ்ஸில் ஏற்றிவிட்டு நின்றுகொண்டிருந்தார். எப்படி வந்தது அந்தத் துணிச்சல் என்று தெரியவில்லை, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அக்காவின் முகம் மாறவே இல்லை.

"இத இம்புட்டு நாளாச் சுமந்துட்டா திரிஞ்ச? தேய்ப்புக்காரர் அன்னைக்கே என் பேட்ஜக் கொண்டாந்து கையில குடுத்துட்டாரு."

"தேய்க்க முந்தியாக்கா, பொறவா?"

"கேக்கல."

பஸ் திரும்பிப் போன ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கேட்டா அந்த மனுசன் உண்மையச் சொல்லிருவாருலே. எனக்குப் பிள்ள வேணும்."