கவச வண்டிக்குப் பக்கத்தில் ஒரு வீடு

எங்கள் தொழிலில் ஒரு வண்டியைப் புதிதாகச் செய்து முடிக்க இரண்டு வாரம் போதும். அதைப் பத்து வருஷம் ஓடிக் களைத்த வண்டியாக மாற்றத்தான் ஒரு மாதம் பிடிக்கும். ராணுவ லொறி, ஜீப், கவச வண்டி எதுவானாலும் முப்பத்தைந்தில் ஒரு பங்கு அளவில், ஒரு சாண் நீளத்துக்குள் செய்து, சேறு பூசி, துரு ஏற்றி, பலகை மேல் மண்ணும் மரமும் சுவரும் வைத்து நடுவில் நிறுத்துவது என் பிழைப்பு. இரண்டு விரலைப் பசையில் ஒட்டிக்கொண்டு, கீழே விழுந்த கடுகளவு கண்ணாடிச் சட்டத்தைத் தேடி மேசைக்கடியில் தவழ்ந்தவர் யாராவது இதைப் படித்தால், நீங்கள் நம்ம ஆள். உங்களுக்குத்தான் எழுதுகிறேன்.

புளத்கொகுபிட்டிய டவுனில் ஒரு முஸ்லிம் நானாவின் ஹாட்வெயார் கடைக்கு மேலே இரண்டு அறைகள். ஒன்று என் பட்டறை. மற்றதில் ஒரு கணித மாஸ்டர் வாடகைக்கு இருக்கிறார். யாழ்ப்பாணத்துக்காரர், இங்குள்ள தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறார். சிரிக்கிற மாதிரித்தான் ஆரம்பிக்கப் போகிறேன். ஆனால் அந்த மாஸ்டருக்கு நான் செய்த காரியத்தைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன் என்பதை இப்போதே ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

வளர்ந்த பாசி

தோட்டத்து ஃபெக்டரியில் எலக்ட்ரீஷியனாக இருந்துவிட்டு வந்தவன் நான். அதனால் தேயிலை சலித்து மிஞ்சும் கழிவு எனக்குச் சும்மா கிடைக்கும். அதைப் பசையில் குழைத்துத் தூவினால் காட்டில் இலை உதிர்ந்து கிடப்பது போலவே இருக்கும். காசு கொடுத்து வெளிநாட்டுத் தூள் வாங்குகிறவர்களைப் பார்த்து எனக்கு உள்ளுக்குள் ஒரு இளக்காரம்.

கொழும்பு டொக்டர் ஒருவருக்குக் காட்டுக்குள் நிற்கும் ஜீப் ஒன்று செய்தேன். அது எங்கள் ஊர் அடைமழைக் காலம். துவைத்த சட்டையே நாலு நாளைக்குக் காயாத ஊரில், தேயிலைத் தூள் காய்ந்துவிட்டதென்று நம்பிக் கண்ணாடிப் பெட்டியில் அடைத்து அனுப்பினேன். மூன்று வாரம் கழித்து டொக்டர் போன் எடுத்தார். திட்டப்போகிறார் என்று பயந்தேன். திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும், உண்மையைச் சொல்லியிருப்பேன். அவர் சந்தோஷத்தில் மூச்சுவிடாமல் பேசினார், நானும் வாயை மூடிக்கொண்டேன். இன்றைக்கும் அது எனக்குக் கூச்சம்தான். "மத்தவங்க செய்யிற பாசி செஞ்ச அன்னைக்கு இருந்த மாதிரியே இருக்கும் தம்பி, உங்க பாசி நாளுக்கு நாள் வளருதே, எப்படிச் செஞ்சீங்க?"

டிரைவர் ஐயாவின் லொறி

ரம்புக்கனையிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். ராணுவத்தில் லொறி ஓட்டி ஓய்வு பெற்றவர். தான் ஓட்டிய லொறியை அப்படியே செய்து தரவேண்டும், வீட்டு அலமாரியில் வைக்கவேண்டும் என்றார். நம்பர் பலகையிலிருந்து கண்ணாடிக்கு மேலே தொங்கிய பூமாலை வரைக்கும் சிங்களத்தில் விளக்கமாகச் சொன்னார். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன். ஒன்றை மட்டும் கேட்கவில்லை. கேட்கிற பழக்கமே எனக்குக் கிடையாது. அளவைக் கேட்பேன், ஆளைக் கேட்கமாட்டேன்.

அந்த லொறியில் என் கைவரிசை முழுவதையும் காட்டினேன். மட்கார்டில் துரு, கதவில் கீறல், சக்கரத்தில் நம்ம தோட்டத்துச் செம்மண். பெரியவர் பெட்டியைத் திறந்து பார்த்தார். கைக்குட்டையை எடுத்து, எச்சில் தொட்டு, கதவைத் துடைக்கப் பார்த்தார். அது போகாது என்று தெரிந்ததும் என்னைப் பாவமாகப் பார்த்து, தம்பி என்கிற அர்த்தத்தில் மல்லி என்று கூப்பிட்டுச் சிங்களத்தில் சொன்னார்: "மல்லி, நான் விடியக்காலை எழும்பினதும் முதல் வேலை லொறியைக் கழுவுறதுதான். இப்படி வச்சிருந்தா என்னை உள்ள போட்டிருப்பாங்க."

சுவரைப் பார்த்த குழல்

மாஸ்டர் எப்படிப் பழக்கமானார் என்றால், கணக்கால்தான். எனக்கு வகுத்தல் என்றால் தலை சுற்றும். ஒரு நாள் அறைகளுக்கு வெளியே நடைபாதையில் நின்று பத்தடியை முப்பத்தைந்தால் வகுக்கப் போராடிக்கொண்டிருந்தேன். போகிற போக்கில் விடையைச் சொல்லிவிட்டுத் தன் அறைக்குள் போய்விட்டார். அடுத்த நாளே கூப்பிட்டு நாற்காலி போட்டேன். அதிலிருந்து பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அரை மணி நேரம் என் பட்டறையில் இருப்பார். நான் தேத்தண்ணி ஊற்றுவேன், அவர் வகுப்பார். நான் செய்கிற வண்டிகளில் அவருக்கு ஒரு ஈடுபாடும் இல்லை. அதை நான் ரசனைக் குறைவு என்று நினைத்தேன். என் மண்டையைச் சொல்லவேண்டும்.

மேசையில் அப்போது கவச வண்டி ஒன்று காய்ந்துகொண்டிருந்தது. மாஸ்டர் உட்காரும்போதெல்லாம் முதல் காரியமாக ஒற்றை விரலால் அதன் பீரங்கிக் குழலைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிடுவார். பெயின்ட் காயவில்லையே என்று ஒரு நாள் எரிச்சலில், "ஏன் மாஸ்டர் அதப் போட்டுத் திருப்புறீங்க?" என்று கேட்டேன். அவர் கோபிக்கவில்லை. விரலில் ஒட்டிய பச்சைப் பெயின்டைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "இது என்னைப் பாத்துக்கொண்டிருந்தா எனக்குக் கணக்கு ஓடாது, தம்பி."

கிழக்குப் பக்கத்து யன்னல்

அந்தக் கவச வண்டியைக் கேட்டவர் வெளிநாட்டில் இருக்கும் கொழும்புக்காரர் ஒருவர். அதற்குப் பக்கத்தில் ஒரு வீடும் வேண்டும் என்றார். வடக்கத்திய வீடு, உடைந்த வீடு. நான் கண்டிக்கு அப்பால் போனதில்லை. பக்கத்து அறையிலேயே ஆள் இருக்கும்போது எதற்குக் கவலை? "மாஸ்டர், ஒங்க ஊருப் பக்கம் வீடெல்லாம் எப்படிங்க இருக்கும்?" என்று கேட்டேன். உடைக்கப் போகிறேன் என்பதைச் சொல்லவில்லை. மறைக்கவேண்டும் என்றில்லை, எனக்கு அது பெரிய விஷயமாகவே படவில்லை.

நாலு நாள் சொன்னார். அவ்வளவு பேசி நான் பார்த்ததேயில்லை. முன் விறாந்தை பன்னிரண்டடி. கதவு பச்சை. ஏறுவதற்கு நாலு படி, அதில் இரண்டாவது படியின் இடது மூலை உடைந்தது. கிணற்றுக்குக் கப்பி, சமைக்கிற குசினி பின்னால் தனியாக. சொல்லச் சொல்ல முப்பத்தைந்தால் வகுத்தும் கொடுத்தார். அது அவருடைய சொந்த வீடு. பத்தொன்பது வயதில் யுத்தத்தின்போது விட்டுவிட்டு ஓடிவந்த வீடு. இன்று அந்த இடத்தில் வெறும் தரைதான், கையில் ஒரு படம்கூட இல்லை. இதெல்லாம் பிறகு தெரிந்தது. ஆனால் அன்றைக்கே தெரிந்திருக்கவேண்டும். பொதுவான ஒரு வீட்டைப் பற்றிச் சொல்கிறவருக்குப் படியின் இடது மூலை எதற்கு? கடைசி நாள் அவர் சொன்னதைக் கேட்ட எந்த மனிதனும் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு அது யார் வீடு என்று கேட்டிருப்பான். நான் யன்னல் எத்தனை அங்குலம் என்று கேட்டேன். அவர் சொன்னது இதுதான்: "குசினி யன்னலைக் கிழக்கால வையும் தம்பி. அம்மா தேத்தண்ணி ஆத்தேக்க வெயில் அவவின்ர கையில விழவேணும்."

சுத்தியல்

உடைந்த வீட்டை உடைந்ததாகவே செய்தால் பொய்யாகத் தெரியும். இது நம்ம ஆட்களுக்குத் தெரியும். முழு வீட்டையும் ஒழுங்காகக் கட்டி, ஓடு ஓடாக அடுக்கி, கதவைப் பூட்டி, அதற்குப் பிறகுதான் உடைக்கவேண்டும். அப்போதுதான் கல் விழவேண்டிய இடத்தில் விழும். மாஸ்டருக்கு அந்த வாரம் தவணைப் பரீட்சை, விடைத்தாள் திருத்துகிற வேலையில் பட்டறைப் பக்கமே வரவில்லை. நான் வெள்ளிக்கிழமை வீட்டை முடித்தேன். அவ்வளவு அழகாக நான் எதையும் செய்ததில்லை. சனிக்கிழமை காலையில் பலகையைக் கதவோரம் வைத்துப் பார்த்தேன், குசினிக்குள் வெயில் விழுந்தது. வண்டியை ஒவ்வொரு கட்டத்திலும் படம் எடுக்கிற நான் வீட்டை எடுக்கவில்லை. அன்றைக்கே சின்னச் சுத்தியலால் கூரையை இறக்கி, விறாந்தையைத் தகர்த்து, கரி பூசினேன்.

ஞாயிற்றுக்கிழமை மாஸ்டர் ஒரு பெட்டி பிஸ்கட்டோடு வந்தார். "முடிஞ்சுதாம் எண்டு நானா சொன்னார்" என்று சிரித்தபடி உள்ளே வந்தவர், பலகைக்குப் பக்கத்தில் நின்றுவிட்டார். படியின் இடது மூலையைத்தான் முதலில் பார்த்தார். அது மட்டும் அவர் சொன்ன மாதிரியே இருந்தது. நான் என்னமோ பரிசு வாங்கப் போகிறவன் மாதிரி நின்றுகொண்டிருந்தேன். பிஸ்கட் பெட்டியை நாற்காலியில் வைத்தார். குரலை உயர்த்தவில்லை. "நான் பூட்டிப்போட்டு வரேக்க முழுசா இருந்தது, தம்பி. உடைஞ்சதை இண்டைக்குத்தான் பாக்கிறன்."

வாடிக்கையாளர்

வீட்டை அனுப்ப எனக்குக் கை வரவில்லை. வண்டியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று வெளிநாட்டுக்குப் போன் எடுத்துக் காரணத்தையும் சொன்னேன். அவர் கெட்ட மனிதர் இல்லை. முழுவதையும் கேட்டார், பெருமூச்சுவிட்டார், மாஸ்டருக்காக வருத்தப்பட்டார். பிறகு எனக்கு உதவி செய்கிற தோரணையில் ஒரு யோசனை சொன்னார். அதைக் கேட்டபோதுதான் என் தொழிலின் முகம் எனக்கே தெரிந்தது. "அப்ப ஒண்ணு செய்ங்க, வேற யாருடைய வீட்டையாவது கட்டி உடைங்க."

இரண்டாவது வீடு

மன்னிப்புக் கேட்க எனக்குத் தெரிந்த ஒரே வழி கட்டுவதுதான். முழு வீடாக, கரி இல்லாமல், தூசிகூட இல்லாமல் ஒன்று செய்து கொடுத்துவிடுவது என்று பலகை வெட்டினேன். ஆனால் அளவு எழுதிய தாள் கரியும் பசையுமாகி எப்போதோ குப்பைக்குப் போயிருந்தது. போனில் தேடினால் கவச வண்டிக்குப் பின்னால் மங்கலாக ஒரு சுவர் மட்டும்தான். இரண்டு வாரம் வெட்கத்தில் நாளைக் கடத்திவிட்டு மாஸ்டரின் கதவைத் தட்டினேன்.

உட்காரச் சொன்னார். அன்றைக்கு அவர்தான் தேத்தண்ணி ஊற்றினார். திட்டுவார் என்று எதிர்பார்த்துப் போனவன் நான். "மறுபடி கட்டித் தாரேங்க மாஸ்டர், இந்தத் தடவ ஒடைக்க மாட்டேன். அளவ மட்டும் ஒருக்காச் சொல்லுங்க" என்றேன். சரி என்று தலையாட்டினார். பென்சிலை எடுத்தேன். கண்ணை மூடி யோசித்தார். விறாந்தை என்று தொடங்கினார், நிறுத்தினார். கதவு என்றார், அதையும் முடிக்கவில்லை. நான் தாளைப் பார்த்தபடியே காத்திருந்தேன். கடைசியில் கண்ணைத் திறந்து, வகுப்பில் தப்பாகக் கணக்குப் போட்ட பிள்ளையைச் சமாதானப்படுத்துகிற குரலில் சொன்னார்: "எவ்வளவு யோசிச்சாலும் இப்ப நீர் உடைச்ச வீடுதான் தம்பி வருது. முந்தினது வருகுதில்லை."

ஆகவே நம்ம ஆட்களே, யாராவது உங்களிடம் ஒரு வீட்டின் யன்னல் எந்தப் பக்கம் என்று சொன்னால் அது யாருடைய வீடு என்று முதலில் கேட்டுவிடுங்கள். நம் தொழிலில் பசை தேவைப்படாத, காயும்வரை காத்திருக்கவும் வேண்டாத ஒரே வேலை அதுதான், அதைத்தான் நான் செய்யாமல் விட்டேன்.