வாயால் எண்ணிய இருபது

பத்தாம் வகுப்போடு நின்றவள் நான். எழுதத் துணிந்ததற்கு வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

போடியில் ஏலக்காய் தரம் பிரிக்கிறேன். உட்கார்ந்தே இருந்து இடுப்பு வலி வந்ததால், காலையில் காய் உலர்த்தும் களத்தில் பெண்கள் கூடிச் செய்யும் உடற்பயிற்சியில் சேர்ந்தேன். உட்கார்ந்து எழும் பயிற்சியில் எட்டுக்கு மேல் என்னால் முடியாது. அது வெளியே தெரியக் கூடாதென்று கடைசி வரிசையில் நின்று, மீதியை வாயால் மட்டும் சத்தமாக எண்ணி இருபதில் முடிப்பேன்.

ஒருநாள் எங்களுக்கு முன்னால் லோடு ஜீப்பு வந்து நின்றது. பயிற்சி தரும் பெண் எங்களுக்குப் பின்பக்கம் போய், "எல்லாரும் மலைப் பக்கம் திரும்புங்கக்கா" என்றாள். திரும்பியதும் கடைசி வரிசையே முதல் வரிசையாகி, நான் முன்னால் வந்துவிட்டேன்.

எட்டு முடிந்தது. அப்படியே நின்றுவிட்டேன். எல்லோரும் என்னைப் பார்ப்பதுபோல் இருந்தது.

"இதுக்கு மேல முடியாது தாயி. இத்தன நாளும் வாயாலதான் எண்ணுனேன்" என்றேன்.

பின்னால் யாரோ தொப்பென்று தரையில் உட்காரும் சத்தம் கேட்டது. தினமும் முதல் வரிசையில் நிற்கும் மளிகைக்கடை அக்கா.

"அடிப்பாவி, நீ பின்னால எண்ணுற சத்தத்துக்கு வெக்கப்பட்டுல்ல, இந்த மூட்டு வலியோட நானும் இருபது வரைக்கும் எந்திரிச்சேன்!"

களமே சிரித்தது. நானும் சிரித்தேன். என் பொய் இன்னொருவர் முழங்காலை நோகடித்தது அன்றுதான் தெரிந்தது. வருத்தம்தான். ஆனாலும் இனி ஒளிய வேண்டாம் என்ற நிம்மதியே பெரிதாக இருந்தது.

மறுநாள் நானும் அக்காவும் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். எட்டோடு நிறுத்திக்கொண்டோம்.