சம்பந்தியின் துவக்குக்குப் புதுப்பிடி

என் சம்பந்தியின் துவக்கை உடைத்தவன் நான்தான். சுட்டு உடைத்திருந்தாலாவது ஒரு கௌரவம் இருந்திருக்கும். முருங்கனில் மகளைப் பார்க்கப் போன இடத்தில், மத்தியானச் சாப்பாடு முடிந்து கதிரையிலிருந்து எழும்ப முடியாமல், பக்கத்தில் சாத்தியிருந்த எதையோ பிடித்து ஊன்றினேன். அது துவக்கு. நல்லவேளை, உள்ளே தோட்டா இல்லை. தோளில் வைக்கிற மரப்பிடி கழுத்தோடு முறிந்தது. இரண்டு உலகப் போர்களையும் புத்தகத்தில் கரைத்துக் குடித்தவன் நான். துவக்கை ஊன்றக்கூடாது என்று ஒரு பக்கத்திலும் எழுதியிருக்கவில்லை.

சம்பந்தி கோபிக்கவில்லை. "பாப்பம்" என்றார். அதுதான் பயமாக இருந்தது. நெல் பால் பிடிக்கிற நேரம். வயலில் காட்டுப்பண்டி இறங்கத் தொடங்கியிருந்தது. அவர் சுத்த சைவம், துவக்கும் அப்படித்தான். வானத்தைப் பார்த்து ஒரு வெடி, பண்டி ஓடும், அவ்வளவே. இப்போது அந்த வெடியும் இல்லை. அன்றைக்கு மகள் எனக்குத் தேத்தண்ணி தரவில்லை.

கடற்கரையோரம், தாழ்வுபாட்டில் என் பக்கத்து வீட்டுக்காரர் வள்ளம் திருத்துகிற ஓடாவி. லைசென்ஸ்காரரை விட்டுத் துவக்கு அசையக்கூடாது என்பதால், முறிந்த மரத்தை மட்டும் கொண்டுபோய்க் காட்டினேன்.

"ஆர் முறிச்சது?"

"தானா முறிஞ்சது."

என் வயிற்றை ஒருதரம் பார்த்தார். "ஓம், தானாத்தான்."

வேப்பங்கட்டையில் அதே வடிவத்தை வெட்டிக்கொண்டு மூன்றாம் நாள் என்னோடு முருங்கனுக்கு வந்தார். இரும்பில் விளக்குக்கரி பூசுவார், மரத்தில் வைத்து அழுத்துவார், கரி ஒட்டின இடத்தை மட்டும் உளியால் சீவுவார். திரும்பவும் கரி, திரும்பவும் உளி. பின்னேரம் ஆகும்போது மரத்துக்கும் இரும்புக்கும் நடுவில் ஒரு தலைமயிரும் போகாது. என் பங்களிப்பு, அந்தக் கரியை என் சேட்டில் ஏற்றிக்கொண்டது.

கடைசியில் பையிலிருந்து ஒரு போத்தலை எடுத்து மூன்று பூச்சுப் பூசினார். மரம் மினுங்கியது. "அருமை" என்றேன். என்னுடையது வள்ளங்களுக்கு நடுவே வளர்ந்த மூக்கு. எனக்கு ஒன்றும் மணக்கவில்லை.

சம்பந்தி துவக்கைத் தோளில் வைத்துக் கன்னத்தைச் சாய்த்தார். அப்படியே நின்றார்.

"தம்பி, இது என்ன எண்ணெய்?"

"சுறா எண்ணெய், ஐயா. கடலுக்கை கிடந்தாலும் புழு அண்டாது."

"மாமா, முதல்ல குளிச்சிட்டு வாங்கோ" என்றாள் மகள்.

சைவத் துவக்கு மச்சமாகிவிட்டது. அடுத்த நாள் சம்பந்தி மஞ்சள் போட்டுத் தேய்த்தாராம். போகவில்லை. பிறகு புளி. மகள் போனில் சொன்னாள்: "அப்பா, இனித் தேங்காய்ப்பால் விட்டால் குழம்புதான்."

பண்டி இதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. மனுசன் மூச்சைப் பிடித்துக்கொண்டு சுட்டார். சுட்டுவிட்டு, வீட்டுப்படி ஏற முதல் கிணற்றடியில் ஒரு முழுக்கு. ஒவ்வொரு வெடிக்கும் ஒரு முழுக்கு, அதுவும் தை மாதப் பனியில்.

அரிவி வெட்டுக்கு மன்னிப்புக் கேட்கிற முகத்தோடு போனேன். நெல் ஒரு மூலையிலும் உழக்குப்படாமல் நின்றது. சம்பந்தி தலையில் துவாய் சுற்றிக்கொண்டு வரம்பில் நின்றார்.

"பயிருக்கு ஒண்டுமில்லை, சம்பந்தி" என்று மூக்கை உறிஞ்சினார். "எனக்குத்தான் தடிமன். ஆனா ஒண்டு, இப்ப துவக்கு மணக்கிறேல்லை."