தாராவியிலிருந்து போரிவலிக் காட்டுக்கு: யாரும் தூக்காமல் ஒரு நாள்

மூத்த பேரன் வினோத் இன்ஜினியரிங் முடித்துப் புனேயில் வேலையில் இருக்கிறான். அவனைக் கூட்டிப்போகக் கம்பெனி பஸ் வாசலுக்கே வருகிறது. அவன் தங்கை கீர்த்தனா செம்பூரில் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். போன பரீட்சையில் மராத்தியில் வகுப்பிலேயே முதல். தமிழ்ப் பிள்ளை மராத்தியில் முதலாவதாக வந்திருக்கிறாள் என்று டீச்சரே என் மகளைக் கூப்பிட்டுச் சொன்னாராம். மகன் வீட்டில் சின்னவன் முத்து, பள்ளிக் கபடி அணிக்குக் கேப்டன். பெரியவள் சுபா பி.காம். முடித்து, கோபர்கைரனேயில் ஒரு ஆபீசில் சேர்ந்து, முதல் சம்பளமும் வாங்கிவிட்டாள். இதையெல்லாம் சொல்லாமல் நான் ஊர் சுற்றிய கதையை மட்டும் எழுதினால் எனக்குச் சோறு இறங்காது. நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். என் பிள்ளைகளின் மார்க்கைச் சொல்லிக்கொள்ள எனக்கு இல்லாத உரிமை யாருக்கு இருக்கிறது?

முதல் சம்பளத்தில் ஆச்சிக்கு என்ன வேண்டும் என்று சுபா கேட்டாள். சேலை என்று சொல்வேன் என்று நினைத்திருப்பாள். புலி பார்க்க வேண்டும் என்றேன். கல்யாணமாகி பம்பாய் வந்து ஐம்பது வருஷம் ஆகிறது. போரிவலி நேஷனல் பார்க் எங்கள் வீட்டிலிருந்து இருபத்தைந்து கிலோமீட்டர்தான். ஒரு தடவைகூடப் போனதில்லை. கால் இருந்தபோது நேரம் இல்லை.

ஆமாம், கால். சர்க்கரை வியாதியால் மூன்று வருஷத்துக்கு முன்னால் என் இடது காலை முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். செயற்கைக் காலை இரண்டு தடவை மாட்டிப் பார்த்தோம். இரண்டு தடவையும் புண்ணானது. இப்போது அது பரணில் கிடக்கிறது. வலது முட்டிக்கும் தனியாக என்னைத் தாங்குகிற வலு இல்லாததால் சக்கர நாற்காலிதான். எங்கள் வீடு தாராவியில் மற்ற வீடுகளைப் போலத்தான். கீழே மகன் பால்துரையின் தோல்பைப் பட்டறை, மேலே குடும்பம், நடுவில் செங்குத்தாகப் பதினோரு படி இரும்பு ஏணி. ஆஸ்பத்திரிக்குப் போகும்போதெல்லாம் பால்துரை என்னை இரண்டு கையிலும் அள்ளித் தூக்கித்தான் இறக்குவான். பாசமாகத்தான் தூக்குகிறான். ஆனால் அவன் என்னைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்ததும் சந்தில் நிற்கிறவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள். அந்த அமைதிக்காகவே நான் வெளியே போவதைக் குறைத்துக்கொண்டேன்.

அதனால் ஒரு வேலை செய்தேன். செவ்வாய்க்கிழமைகளில் பால்துரை தோல் எடுக்க வெளியே போவான். அந்த நேரம் பார்த்து, ஏணியில் உட்கார்ந்தபடியே ஒவ்வொரு படியாக இறங்கப் பழகினேன். பிறகு முதுகைக் காட்டி, கையை ஊன்றி, ஒவ்வொரு படியாக மேலே ஏறவும் பழகினேன். நாலு மாதம் ஆனது. சுபாவுக்கும் மருமகளுக்கும் மட்டும்தான் தெரியும். புலி பார்க்கப் போவதென்று முடிவானதும், பால்துரையிடம் ஒரு நிபந்தனை வைத்தேன். அன்று முழுக்க என்னை யாரும் தூக்கக் கூடாது. ஒரு தடவை தூக்கினாலும் அந்த இடத்திலிருந்தே வண்டியை வீட்டுக்குத் திருப்பிவிடுவேன். புலியும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம்.

"அப்ப நான் எதுக்கு இருக்கேன்?" என்று கேட்டுவிட்டுக் கீழே போனவன் இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை. பட்டறையில் மட்டும் நேரம் போனதே தெரியாமல் எதையோ தைத்துக்கொண்டிருந்தான்.

டிசம்பரில் ஒரு சனிக்கிழமை கிளம்பினோம். நான், பால்துரை, சுபா, மூன்று பேர். காலை ஆறு மணிக்குக் காப்பிக் கலர் சேலை கட்டினேன், அழுக்குத் தெரியாது என்று. உள்ளே முத்துவின் கபடி பேண்ட். உட்கார்ந்து ஏறி இறங்குகிறவர்களுக்கு இது முக்கியம், வெட்கப்படாதீர்கள். ஆறு இருபதுக்கு ஏணியில் இறங்கினேன். பால்துரை பார்க்கிற முதல் தடவை அது. கீழே நின்று ஒவ்வொரு படிக்கும் வாயைத் திறந்து திறந்து மூடினான். கடைசிப் படியில் உட்கார்ந்து நிமிர்ந்து பார்த்தேன். "எப்பருந்து?" என்றான். "நீ தோலு வாங்கப் போனதுலருந்து" என்றேன். சுபா வேறு பக்கம் திரும்பிச் சிரித்தாள்.

தொண்ணூறு அடி ரோட்டில் டாக்சி பிடித்தோம். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பம்பாய் டாக்சிகள் பலவற்றில் டிக்கிக்குள் காஸ் சிலிண்டர் இருக்கும். மடக்கு நாற்காலி உள்ளே போகாது. முதலில் வந்த இரண்டு வண்டியையும் அதனால்தான் விட்டோம். மூன்றாவது வண்டிக்கு மேலே கேரியர் இருந்தது. டிரைவர் உத்தரப்பிரதேசத்துக்காரர், வயசானவர். தொள்ளாயிரம் கேட்டார், எழுநூற்றைம்பதுக்கு வந்தார். நாற்காலியைக் கயிறு போட்டுக் கட்டினார். எனக்காகக் கதவைத் திறந்து கையை நீட்டினார். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு நானே சீட்டுக்கு மாறினேன். அம்மாஜிக்குக் கோபமா என்று பால்துரையைக் கேட்டார். கோபமில்லை, இன்றைக்கு அம்மாவுக்குப் பரீட்சை என்று பால்துரை இந்தியில் சொன்னது எனக்குக் கேட்டது.

பாந்திரா தாண்டி ஹைவே பிடித்து, ஏழு ஐம்பதுக்கு போரிவலி கிழக்கில் பார்க் வாசலில் இறங்கினோம். மூன்று பேருக்கும் நுழைவுச் சீட்டு, சஃபாரி பஸ் எல்லாம் சேர்த்து எங்களுக்கு 580 ரூபாய் ஆனது. விலை மாறும், கேட்டுக்கொள்ளுங்கள்.

உள்ளே தார் ரோடு. சக்கரம் தண்ணீரில் போகிற மாதிரிப் போனது. தாராவிச் சந்தில் பத்தடிக்கு ஒரு சாக்கடை மூடி தடுக்கும். இங்கே தடுக்க ஒன்றுமில்லை. "யாரும் தள்ளாதீங்க" என்று சொல்லிவிட்டு நானே சக்கரத்தைச் சுற்றினேன். இரண்டு பக்கமும் மரம். மும்பையில் இத்தனை இலை ஒரே இடத்தில் இருக்கும் என்று நான் நம்பியதே இல்லை. கொஞ்ச தூரத்தில் புள்ளிமான்கள் நின்றன. ஒன்று காதை ஆட்டிக்கொண்டு என் சக்கரத்தையே பார்த்தது. காலை நடைக்கு வந்தவர்கள் வேகமாகக் கடந்து போனார்கள். யாரும் பேச்சை நிறுத்தவில்லை. எனக்கு அதுவே பாதி வயிறு நிறைந்த மாதிரி இருந்தது.

சஃபாரி பஸ் ஜன்னலுக்கெல்லாம் கம்பி வலை போட்ட சின்ன பஸ். எல்லா பஸ்ஸையும் போல முதல் படி முழங்கால் உயரம், அதற்கு மேல் இரண்டு படி. ஏணியைவிடக் குறைவுதானே என்று நினைத்து வந்தேன். கிட்டே போனதும்தான் தெரிந்தது, ஏணியில் இரண்டு பக்கமும் பிடிக்கக் கம்பி உண்டு. இங்கே எனக்குத் தோதான உயரத்தில் ஒரு பக்கம்தான் கம்பி. பின்னால் இருபது பேர் வரிசையில் நின்றார்கள். கண்டக்டர் அவர்களை முதலில் ஏற்றிவிட்டு, எங்களுக்காகக் காத்திருந்தார்.

அப்போதுதான் பால்துரை தன் பையிலிருந்து அதை எடுத்தான். கறுப்புத் தோலில் நீளமான ஒரு பட்டை, இரட்டைத் தையல், மூலைக்கு ஒன்றாக நாலு கைப்பிடி.

"என்னல இது?"

"எம்மா, நூறு கிலோ தாங்கும். நீ சும்மா ஒக்காந்தா போதும். நானும் கண்டக்டரும் ஆளுக்கு ரெண்டு புடி புடிச்சிக்கிடுவோம். இது தூக்குறதுல சேராது."

நான் அதைத் திருப்பிப் பார்த்தேன். ஓரத்தில் பட்டறை முத்திரைகூடக் குத்தியிருந்தான். பை தைக்கிற மகன் வேறு என்ன செய்வான்? பெற்றவளையும் பையாகத் தைத்துவிட்டான்.

"ஜிப்பு எங்கல வச்சிருக்க?" என்றேன்.

சுபாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. பால்துரைக்குக் காது சிவந்துவிட்டது. கோபப்படுவான் என்று நினைத்தேன். அவன் பஸ் படியைப் பார்த்தான், என் கையைப் பார்த்தான், மறுபடி படியைப் பார்த்தான். பிறகு உள்ளே ஏறி, கம்பி இல்லாத பக்கம் சீட்டின் இரும்புக் காலில் ஒரு கைப்பிடியை மாட்டி, பட்டையைப் படி வழியாகத் தொங்கவிட்டான். மற்றக் கைப்பிடிகள் எனக்கு எட்டுகிற உயரத்தில் தொங்கின.

"தச்சது நானு. அறாது" என்றான்.

நாற்காலியைப் பஸ்ஸோடு ஒட்டி நிறுத்தி, பிரேக் போட்டு, முதல் படிக்கு முதுகைக் காட்டி மாறி உட்கார்ந்தேன். இடது கையில் கம்பி, வலது கையில் தோல். வலது காலைத் தரையில் ஊன்றித் தள்ளினேன். இரண்டாம் படி வந்தது. அங்கே கொஞ்சம் மூச்சு வாங்கியிருக்கலாம், அவசரப்பட்டேன். மூன்றாவதுக்குத் தள்ளும்போது செருப்பு வழுக்கி, இரண்டாம் படியிலிருந்து முதல் படிக்குச் சறுக்கி வந்துவிட்டேன். கீழே இறங்கி நின்றிருந்த பால்துரை இரண்டு கையையும் நீட்டிவிட்டான்.

"தொடாதல" என்றேன்.

கை அப்படியே நின்றது. என் இடுப்புக்கு ஒரு சாண் தள்ளி, விரிந்தபடி நின்றது. பஸ்ஸுக்குள்ளிருந்து நல்ல மனுஷன் ஒருவர் எழுந்து, ஏன் இந்த வயசானவரைக் கஷ்டப்படுத்துகிறீர்கள், நான் ஒரு பக்கம் பிடிக்கிறேன் என்று இந்தியில் சொல்லிக்கொண்டே என் தோளுக்குக் குனிந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் பால்துரை முந்திக்கொண்டான்.

"ஹாத் மத் லகானா பாய். மா குத் சடேகி."

கை வைக்காதீங்க, அம்மா தானே ஏறுவாள் என்று சொன்னான். மூன்று வருஷமாக என்னைத் தூக்கிய பிள்ளை, இன்னொருவர் தூக்க வந்ததைத் தடுக்கிறான். செருப்பைக் கழற்றிச் சுபாவிடம் கொடுத்தேன். இரண்டாம் படி, மூன்றாம் படி, பஸ்ஸின் தரை. ஒவ்வொரு படிக்கும் அந்த இரண்டு கையும் என் கூடவே ஏறியது, தொடாமல். தரையிலிருந்து சீட்டுக்கு ஏறுவதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டம். முழங்கையைச் சீட்டில் ஊன்றி, ஒரே மூச்சில் திரும்பி உட்கார்ந்துவிட்டேன். ஆறு நிமிஷம் ஆனது என்று சுபா போனைப் பார்த்துச் சொன்னாள். முன் சீட்டில் இருந்த அம்மா தண்ணீர் பாட்டிலை நீட்டினார். வாங்கிக் குடித்தேன். பால்துரை எனக்குப் பின் சீட்டில் உட்கார்ந்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது. தூசி என்றான்.

புலியைப் பார்த்தோமா என்று கேட்பீர்கள். பார்த்தோம். மர நிழலில் படுத்திருந்தது. எழுந்து, உடம்பை முறித்து, ஒரு கொட்டாவி விட்டு, எங்கள் பஸ்ஸை மதிக்காமல் திரும்பிப் படுத்தது. இரண்டு நிமிஷம்தான். அத்தனை மஞ்சளை நான் எந்தச் சேலையிலும் பார்த்ததில்லை.

இறங்குவது இரண்டு நிமிஷ வேலை. பிறகு மரத்தடியில் மருமகள் கட்டிக் கொடுத்த புளிச்சோறும் தேங்காய்த் துவையலும் சாப்பிட்டோம். வாழைப்பழத்தைக் குரங்கு பிடுங்கிக்கொண்டு போனது. அதைத் துரத்திக்கொண்டு பால்துரை பத்தடி ஓடினான், சின்னப் பிள்ளை மாதிரி. மூன்று மணிக்குக் கிளம்பி நாலே முக்காலுக்கு வீட்டுக்கு வந்தோம். ஏணியிலும் நானேதான் ஏறினேன். இந்தத் தடவை சந்தில் நின்றவர்கள் பேச்சை நிறுத்தவில்லை. எத்தனாவது படி என்று எண்ணினார்கள்.

என் மாதிரி இருக்கிறவர்கள் போவதென்றால் சில விஷயம். திங்கட்கிழமை பார்க் கிடையாது. காலையிலேயே போங்கள், வெயிலும் கூட்டமும் குறைவு. கேரியர் உள்ள வண்டியோ பெரிய வண்டியோ பார்த்துப் பேசுங்கள். கழிப்பறை எங்கே, படி உண்டா என்று வாசலிலேயே கேட்டுவிடுங்கள். உட்கார்ந்து ஏறுகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறுங்கள், நான் பட்ட பாடு போதும். கன்ஹேரி குகைகள் உள்ளே ஆறேழு கிலோமீட்டர், படி நிறைய. நான் போகவில்லை, அதில் எனக்கு வருத்தமும் இல்லை. கூட வருகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: கேட்காமல் தூக்காதீர்கள். கிட்டே நில்லுங்கள், அது போதும்.

தூக்கப்படுவதில் கேவலம் ஒன்றுமில்லை. நாளைக்கே காய்ச்சல் வந்தால் பால்துரைதான் தூக்க வேண்டும், தூக்கவும் சொல்லுவேன். ஆனால் எது எந்த நாள் என்று நான் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது.

சுபா, நீ இந்தப் பக்கத்தில் புலிப் படத்தைப் போட்டிருக்கிறாய். புலியை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். அதை எடுத்துவிட்டு, நான் இரண்டாம் படியில் இருக்கும்போது நீ எடுத்தாயே, அந்தப் படத்தைப் போடு. என் முகம் கோணலாக இருந்தால் இருக்கட்டும். அழகு பார்க்கிறேன் என்று ஓரத்தை மட்டும் வெட்டிவிடாதே. உன் அப்பன் கை இரண்டும் தெரிய வேண்டும், அந்தக் கைக்கும் எனக்கும் நடுவில் இருக்கிற இடமும் தெரிய வேண்டும்.