மடியில் இருந்த தேங்காய்

மஞ்சள் பூசிய ஒரு தேங்காய். குடுமி கலையாமல் உரித்து, பழைய வேட்டித் துண்டில் சுற்றி, யாழ்ப்பாணத்திலிருந்து நுவரெலியா வரைக்கும் ஒரு பெண்ணின் மடியிலேயே பயணம் செய்த தேங்காய். பஸ்ஸில் மேல்தட்டு இருந்தது, காலடியிலும் இடம் இருந்தது. "அக்கா, உதை மேலை வையுங்கோவன். ஆரும் தூக்கிக்கொண்டு ஓடவோ போறாங்கள்?" என்று இரண்டு மூன்று பேர் கேட்டார்கள். அவர் சிரித்தாரே தவிர வைக்கவில்லை. வவுனியாவில் தேநீருக்கு இறங்கியபோதும் அதைக் கையோடு கொண்டுபோனார். ஏதோ கோயிலில் உடைக்க நேர்ந்திருக்கிறார் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். அந்த பஸ்ஸில் இருந்த நாற்பத்திரண்டு பேரில், தேங்காய் எதற்கென்று அவரைத் தவிர ஒருவருக்குத்தான் தெரியும். அந்த ஒருவர் நான். ஆகவே இதை எழுதும்போது எழும் கோபத்தின் பெரும்பங்கு யாருக்குப் போகவேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

அவர் எங்கள் காரியாலயத்தின் சிற்றூழியர். காலையில் கூட்டித் துடைப்பார், பத்து மணிக்கும் மூன்று மணிக்கும் தேநீர் போடுவார். எல்லோருக்கும் அவர் தேத்தண்ணி அக்கா. அவருக்குப் பெயர் ஒன்று இருந்தது. மாதத்தில் ஒருநாள் பதிவேட்டில் பெருவிரல் அடையாளம் வைக்கும்போது மட்டும் அதற்கு வேலை வந்தது. புதிதாக வரும் எழுதுவினைஞர்களிடம், "அக்கா தேயிலை மலையிலை பிறந்தவ, அதுதான் சாயம் இப்பிடி வருகுது" என்று பகிடி விடுவோம். அந்தப் பகிடிக்கு ஆதாரம் எதுவும் கிடையாது. அவர் ஒன்பது வயதிலேயே மலையை விட்டு வந்தவர். தேநீர் போடப் பழகியது மானிப்பாயில், அடுத்தவர் குசினியில்.

ஒன்பது வயதில் ஏன் வந்தார் என்று எங்கள் பக்கத்தில் எவரும் கேட்பதில்லை, எல்லோருக்கும் தெரியும் என்பதால். அந்தக் காலத்துப் படித்த குடும்பங்கள் பலவற்றைப் போல, மானிப்பாயில் ஒரு குடும்பமும் வீட்டு வேலைக்குத் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஒரு பிள்ளையை எடுப்பித்திருந்தது. எடுப்பித்தல் என்றுதான் சொல்லுவார்கள், கொழும்பிலிருந்து கதிரை மேசை எடுப்பிப்பது போல. வீட்டுப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக, இவர் அவர்களுடைய சப்பாத்தைத் துடைத்தார். பதினோராவது வயதில், தாய் இறந்துவிட்டார் என்று தோட்டத்திலிருந்து தந்தி வந்தது. அந்த நேரம் வீட்டில் கலியாணம். பலகாரம் சுடவும் பாத்திரம் கழுவவும் ஆள் வேண்டும். கலியாணம் முடிந்து பந்தலும் கழற்றிய பிறகுதான் பிள்ளைக்குச் சொன்னார்கள். "அந்த அம்மா நல்லவ ஐயா. அழுதழுதுதான் சொன்னவ" என்று பல வருடங்களுக்குப் பிறகு என்னிடம் சொன்னார். அந்த நற்சான்றிதழை நான் இன்றுவரை அங்கீகரிக்கவில்லை.

பிறகு ஒருமுறை தமையன் வந்து, தாயைப் புதைத்த இடத்துக்கு அடையாளம் சொல்லிவிட்டுப் போயிருந்தார். மேல் லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால், பெரிய கல்லுக்குக் கீழே, வாகை மரத்தடி. பிறகு தமையனும் இல்லை. அதன்பின் யுத்தம். யாழ்ப்பாணத்தை விட்டு வெளியே போவதற்கு எத்தனை பத்திரம் வேண்டுமென்று என்னைவிட நன்றாக அறிந்தவர் எவருமில்லை. அவற்றில் பாதியில் என் கையெழுத்து இருந்தது. பாதை திறந்ததும், காரியாலய நலன்புரிச் சங்கம் முதல் சுற்றுலாவை அறிவித்தது. நுவரெலியா, இரண்டு நாள். சங்கத்தின் செயலாளர் நான். காரியாலயத்தின் நிர்வாக உத்தியோகத்தரும் நான்தான். எந்த இடத்தில் எத்தனை நிமிடம் என்று பட்டியல் போட்டவனும் நானே.

ஒரு மாதம் முன்பே அவர் என் மேசைக்கு வந்தார்.

"ஐயா, நானும் வரலாமோ?"

"ஓம், அதுக்கென்ன? நீங்களும் அங்கத்தவர்தானே."

"திரும்பி வாற வழியிலைதான் எங்கடை தோட்டம். றோட்டிலை இருந்து கொஞ்சத் தூரம். அம்மாவைத் தாட்ட இடத்திலை ஒரு தேங்காய் உடைச்சுப்போட்டு ஓடி வந்திடுவன். ஒரு மணித்தியாலம் காணும் ஐயா."

"எழுதித் தாங்கோ" என்றேன்.

அவருக்கு எழுதத் தெரியாது என்பது எனக்குத் தெரியும். ஆகவே அவர் சொல்லச் சொல்ல நானே எழுதினேன். தலைப்பில் "உரிய வழியூடாக" என்று போட்டேன். பெருவிரல் அடையாளம் வாங்கினேன். நிர்வாக உத்தியோகத்தராகச் சிபாரிசு செய்தேன். செயலாளராக அதைப் பெற்றுக்கொண்டு திகதி முத்திரை குத்தினேன். பிறகு ஓரத்தில் குறிப்பு எழுதினேன்: "பட்டியலில் இல்லாத இடம். நேரம் போதுமாயின் பரிசீலிக்கலாம்." என் சேவைக்காலத்தில் இந்த வசனத்தை நூற்றுக்கணக்கான கோவைகளில் எழுதியிருக்கிறேன். இது மறுப்புத்தான். மறுத்தவர் யாரென்று கண்டுபிடிக்க முடியாதபடி எழுதப்பட்ட மறுப்பு. இதெல்லாம் அவருக்கு எங்கே தெரியப்போகிறது? எதற்கென்று சொல்லாமல், "ஐயா ஓமெண்டிட்டார்" என்று மட்டும் காரியாலயம் முழுக்கச் சொல்லிக்கொண்டு, கோப்பாயில் தன் வளவுத் தென்னையில் தேங்காய் பார்க்கப் போய்விட்டார்.

பஸ் றம்பொடையைத் தாண்டி ஏறியபோது ஒன்று நடந்தது. ஐம்பது வருடம் எங்கள் தமிழ் பேசியவர் திடீரென்று யன்னலில் கையை வைத்து, "அந்தா, அந்தக் கல்லுல தண்ணி விழுது பாருங்க! பாருங்க!" என்று கூவினார். ஒன்பது வயதுப் பிள்ளையின் குரல், அந்தப் பிள்ளையின் தமிழ். பின் இருக்கையில் இருந்த இளைஞர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். "பாருங்க, பாருங்க" என்று ஆளுக்கு ஆள் நையாண்டி பண்ணி, ஒருவன் பாட்டாகவே இழுத்தான். சிரிப்பு அடங்கியபோது அவர் மறுபடி யாழ்ப்பாணத் தமிழுக்கு வந்திருந்தார். "நல்ல குளிர் என்ன?" என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார். ஒரு வார்த்தையில் அவர்களை அடக்கியிருக்கலாம். என் வேலை இருக்கைப் பட்டியலைச் சரிபார்ப்பது என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் வாவிக்கரையில் அன்னப் படகுக்காக முக்கால் மணித்தியாலம் காத்து நின்றோம். பட்டியலில் இருபது நிமிடம்தான். சீதையம்மன் கோயிலில் நாற்பத்தொரு சோடிச் செருப்புக்கும் சப்பாத்துக்கும் ஒருவர் காவல் நிற்கவேண்டி வந்தது. யார் நின்றது என்று சொல்லத் தேவையில்லை. தேங்காயை அணைத்தபடி வாசலில் நின்று, உள்ளே மணியடித்தபோது அங்கிருந்தே கும்பிட்டார். அதன்பின் மரக்கறிக் கடைகள். யாழ்ப்பாணத்தான் மலைக்குப் போனால் மலையைப் பார்க்காமல் வரலாம், லீக்ஸ் வாங்காமல் வரமாட்டான். பட்டதாரிகளும் கணக்காளர்களும் கரட் கட்டுக்கட்டாக முகர்ந்து பார்த்து, திருநெல்வேலிச் சந்தை விலையோடு ஒப்பிட்டு, ஒன்றேகால் மணித்தியாலம் நின்றார்கள். எனக்கும் மூன்று கட்டு லீக்ஸ்.

தோட்டத்துக்குத் திரும்பும் சந்தி வந்தது. அக்கா எழுந்து நின்றார். சாரதி என்னைக் கேளாமலே வேகத்தைக் குறைத்தார். அக்கா அவரிடம் காலையிலேயே சொல்லி வைத்திருக்கிறார். "திருப்பட்டோ ஐயா? போட்டு வந்திடலாம்" என்றார் சாரதி. பஸ்ஸுக்குள் முணுமுணுப்பு எழுந்தது. "அங்கை என்ன இருக்குப் பாக்க? எல்லா இடமும் தேயிலைதானே?" என்று ஒரு அம்மணி சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது. நான் அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை. தாளைப் பார்த்தேன். அடுத்தது கண்டியில் ஒரு பூங்கா, வாயில் பூட்டுமுன் போய்ச் சேரவேண்டும். "நேரம் போதாது" என்றேன். செயலாளரின் முடிவு. அவர் தேங்காயை மடியில் வைத்துக்கொண்டு மறுபடி இருக்கையில் அமர்ந்தார்.

நாங்கள் கண்டிக்குப் போய்ச் சேர்ந்தபோது பூங்கா பூட்டியிருந்தது.

திங்கட்கிழமை பத்து மணித் தேநீரோடு ஒவ்வொரு மேசைக்கும் ஒரு சிறு தட்டு வந்தது. தட்டில் கீறிய தேங்காய்ச் சொட்டும் சர்க்கரைத் துண்டும். "கொண்டுபோனது, வீணாப் போகக்கூடாது ஐயா" என்றார். குரலில் கோபமில்லை. இருந்திருந்தால் ஒரு பதில் தேடியிருப்பேன். எல்லோரும் சாப்பிட்டார்கள், "நல்ல முத்தல்" என்றார்கள். நானும் சாப்பிட்டேன். என்னை நான் மன்னிக்காத காரியங்களுக்கு ஒரு கோவை திறந்தால், முதல் தாளில் அந்தச் சொட்டு இருக்கும்.

இந்த வருடம் ஓய்வூதியர் சங்கம் அதே நுவரெலியாவுக்குச் சுற்றுலா ஒழுங்கு செய்தது. ஒழுங்குமுறை தெரிந்தவன் என்பதால் பட்டியலைத் திருத்த எனக்கு அனுப்பியிருந்தார்கள். அதில் ஒரு வரி: "தேயிலைத் தோட்டம். கூடை சுமந்து படம் எடுத்தல். 45 நிமிடம்." தாளைக் கிழித்திருப்பேன், அது தொலைபேசியில் வந்திருந்தது. செயலாளரை அழைத்து, அந்த வரியை எடுத்துவிட்டு அக்காவின் தோட்டத்தைப் போடச் சொன்னேன். காரணத்தையும் சொன்னேன்.

"அண்ணை, அது சரி, ஆனா மற்றாக்களுக்கு அங்கை என்ன இருக்குப் பாக்க?" என்றார். பிறகு இரங்கி, "நேரம் போதுமெண்டால் பாப்பமே" என்றார். என்னுடைய வசனம். பேச்சுத் தமிழ் ஆனதைத் தவிர ஒன்றும் மாறவில்லை.

அடுத்த நாளே கோப்பாய்க்கு சைக்கிளில் போனேன். அக்கா முற்றத்தில் கதிரையில் இருந்தார். முழங்கால் இரண்டும் விட்டுப்போய், கிணற்றடிக்கே மகள் பிடித்துத்தான் கூட்டிப்போக வேண்டும். அந்தத் தோட்டத்துக்குப் போகப்போகிறேன் என்று சொன்னேன். "இப்பவும் எழுதித் தரவேணுமோ ஐயா?" என்றார்.

அவர் கால்கள் அந்த மலையில் ஏறக்கூடிய நாளில் நான் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது தாளைத் தூக்கி எறிந்துவிட்டு வந்து நின்று என்ன பயன்? அவர் மகளைக் கூப்பிட்டார். "அந்தப் பின் மரத்திலை நல்லதொண்டு பார் பிள்ளை. ஐயா போறாராம்."

பஸ்ஸில் அதை என் மடியில் வைத்திருந்தேன். "மேலை வையுங்கோ அண்ணை" என்றார்கள், வைக்கவில்லை. கூடையோடு படம் எடுத்து முடித்து அந்தச் சந்திக்கு வந்தபோது, எதிர்பார்த்தபடியே நேரம் போதவில்லை. எழுந்து நின்று, என்னை இறக்கிவிட்டுப் போகச் சொன்னேன். "இந்த வயசிலை உமக்கென்ன விசரோ?" என்றார் என்னைவிட மூத்த ஒருவர். ஓம் என்றேன்.

ஓட்டோ பிடித்துப் போனேன். பெரிய கல் இருந்தது. வாகை மரம் இல்லை, அடிக்கட்டை மட்டும். மேல் லயத்திலிருந்து ஒரு பெண் இறங்கி வந்து, "யாரைத் தேடுறீங்க?" என்று கேட்டார். இங்கே புதைத்தவரின் மகளுக்காக வந்தேன் என்று அக்காவின் பெயரைச் சொன்னேன், பதிவேட்டில் உள்ளபடி, தகப்பன் பெயரோடு முழுதாக. அந்தப் பெயரை அதற்குமுன் நான் உரக்கச் சொன்னதாக நினைவில்லை.

"அவங்களுக்கு நீங்க என்ன முறைங்க?"

"ஒரு முறையுமில்லை. அவ போட்ட தேத்தண்ணி குடிச்சவன்."

அவர் மேலே ஏறிப்போய்க் கத்தி எடுத்து வந்து கல்லடியில் புல்லை வெட்டி, எந்தப் பக்கம் பார்த்து நிற்கவேண்டுமென்று காட்டினார். எல்லா நடைமுறையும் அறிந்த எனக்கு அது தெரிந்திருக்கவில்லை. கற்பூரம் கொளுத்தி உடைத்தேன். ஒரு பாதியை அங்கேயே வைத்தார். மறு பாதியை இலையில் சுற்றித் தந்து, "மகளுக்குப் போய்ச் சேரணுங்க" என்றார்.

அதைக் கோப்பாயில் அக்காவின் கையில் கொடுத்தபோது ஓரமெல்லாம் காய்ந்திருந்தது. அவர் இலையைப் பிரித்து, பாதித் தேங்காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விளிம்பு முழுவதும் விரலை ஓட்டினார். பிறகு நிமிர்ந்து கேட்டார்:

"வழியிலை ஒருத்தரும் தின்னேல்லையோ ஐயா?"