தம்பி மகள் என்று சொன்னேன்

புக்கிட் மெர்தாஜாமில் ஒரு புதுமனை புகுவிழா. கூடத்தில் ஒரே ஒரு மின்விசிறிதான் நன்றாகச் சுற்றியது, அதற்குக் கீழே, என்னிடம் தைக்கக் கொடுக்கும் அதிகாரி அம்மா உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் பக்கத்து நாற்காலியில் வைத்திருந்த கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "இங்க வாங்கக்கா, இங்கதான் காத்து வருது" என்றார். நான் உட்காரவில்லை. என் முதுகுக்குப் பின்னால் நின்றிருந்த பெண்ணை முன்னால் இழுத்து அந்த நாற்காலியில் உட்கார வைத்தேன். என்னுடைய பச்சைப் பட்டுச் சேலையில் அவள் வியர்த்துப்போய் இருந்தாள். "யாருக்கா இது?" என்று அதிகாரி அம்மா கேட்டார். "என் தம்பி மக" என்றேன். யோசித்துச் சொன்ன வார்த்தை அது. பட்டர்வொர்த்துக்குப் பெர்ரியில் வரும்போதே, கடலைப் பார்த்துக்கொண்டு, மனதில் தைத்து முடித்து வைத்திருந்த வார்த்தை.

பினாங்குத் தீவில், பினாங்குத் தெருவை ஒட்டிய ஒரு சந்தில் நாற்பது வருஷத்துக்கு மேலாக ரவிக்கை தைக்கிறேன். மூன்றாம் வகுப்போடு நின்றவள்தான். ஆனால் இந்த ஊரில் எந்த ஆபீசில் எந்த நாற்காலி காலியாகிறது என்று எனக்குத் தெரிந்த அளவுக்குப் படித்தவர்களுக்குத் தெரியாது. அளவு எடுக்கக் கையைத் தூக்கி நிற்கும்போது பெண்கள் பேசாமல் இருக்க மாட்டார்கள். வக்கீல் அம்மா, டாக்டர் அம்மா, பள்ளிக்கூடத்துத் தலைமை அம்மா, எல்லாரும் இந்தக் கண்ணாடி முன்னால் நின்றவர்கள்தான். யார் ஆபீசுக்குக் கணக்கு எழுதக் கிராணி வேண்டும், யார் வீட்டுக்குப் பெண் பார்க்கிறார்கள், எல்லாம் என் காதுக்கு வரும். "அக்கா, அந்தக் குடும்பம் எப்படி?" என்று என்னிடம்தான் கேட்பார்கள். நான் நல்லது என்றால் நல்லது. நான் வாய் திறக்காமல் ஊசியில் நூல் கோத்தால், அவர்களும் புரிந்துகொண்டு பேச்சை மாற்றிவிடுவார்கள். அந்த மரியாதையை நான் யாரிடமும் கேட்டு வாங்கவில்லை. அதுவாக வந்தது.

அந்தப் பெண் கெப்பாலா பத்தாசிலிருந்து வந்தவள். கடைக்கு மேலே உள்ள பின்னறைக்கு வாடகைக்கு வந்தாள். பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்து, நல்ல தேர்ச்சி வாங்கி, கைத்தொலைபேசிக்கு உறை விற்கும் கடையில் நின்றுகொண்டிருந்தாள். "வரலாறு படிச்சா என்ன வேலைம்மா?" என்று முதல் நாளே கேட்டேன். "என்ன வேலை வேணும்னாலும் பார்க்கலாம் அத்தை" என்றாள். பிறகு அவளே சிரித்துவிட்டு, "அதாவது, இதுதான்னு ஒரு வேலை கிடையாது" என்றாள். அவளோடு படித்தவர்களில் ஒருத்தி காப்புறுதி விற்கிறாள், ஒருத்தி விமான நிலையத்தில் சீட்டுப் பார்க்கிறாள், ஒரு பையன் ராத்திரி பூராவும் யாரோ வெளிநாட்டுக்காரருக்குத் தொலைபேசியில் பதில் சொல்கிறான். அப்பா, கிராணி வேலைக்குப் பரீட்சை எழுது என்று நச்சரிக்கிறார். இவளுக்கோ பழைய கட்டடம், பழைய தெரு, பழைய ஆட்கள் பேச்சு, இதிலேயே ஒரு வேலை வேண்டும். அத்தை என்று கூப்பிடு என்று நான் சொல்லவில்லை. அவளாகத்தான் கூப்பிட்டாள். அதை இங்கே எழுதி வைக்கிறேன்.

இன்டர்வியூவுக்குப் போகிற நாளெல்லாம் விடியற்காலையிலேயே எழுந்து இஸ்திரி போடுவாள். திரும்பி வரும்போது படியில் செருப்புச் சத்தத்தை வைத்தே முடிவு தெரிந்துவிடும். ஒரு தடவை நேரே கடைக்குள் வந்து, வெட்டுத் துணி மூட்டை மேல் உட்கார்ந்துகொண்டாள். "என் பேப்பரைப் பார்க்கவே இல்லை அத்தை. இந்த ஆபீஸ்ல யாரைத் தெரியும்னுதான் கேட்டாங்க. யாரையும் தெரியாதுன்னேன்." உள்ளே ஆளைத் தெரிந்து வைத்திருப்பதற்கு இந்த ஊரில் கேபிள் என்று பெயர். மலாய்க்காரர், சீனர், நம் ஆட்கள், எல்லாருக்கும் ஒரே பேச்சு. கேபிள் இருந்தால் விளக்கு எரியும். அவள் பெயர் அட்டை கூட அடித்து வைத்திருந்தாள். இப்போதெல்லாம் ஆட்களைத் தெரிந்துகொள்வதும் ஒரு வேலையாம், கல்லூரியிலேயே சொல்லித் தந்தார்களாம். நல்ல கனமான அட்டை, நீல எழுத்து. ஒரு கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்த பெண்களுக்கெல்லாம் கொடுத்திருக்கிறாள். அவர்கள் அதை இலை பறக்காமல் இருக்க ஓரத்தில் வைத்துவிட்டு, கை கழுவப் போய்விட்டார்கள்.

நம்மவர்களிடம் அட்டை செல்லாது. "யார் வீட்டுப் பிள்ளை?" என்றுதான் முதலில் கேட்பார்கள். வாடகைக்கு இருக்கும் பெண், நல்ல பெண் என்று சொன்னால், "அப்படியா, சந்தோஷம்" என்பார்கள். அதோடு சரி. என் வீட்டுக்காரருக்குத் துறைமுகத்தில் வேலை கிடைத்ததும், யாரோ ஒருவர் "நம்ம சித்தப்பா பையன்" என்று சொன்னதால்தான். அந்தச் சித்தப்பா எந்தச் சித்தப்பா என்று கடைசிவரைக்கும் எங்களுக்குத் தெரியாது. அதைப் பொய் என்று இந்தத் தெருவில் யாரும் சொல்ல மாட்டார்கள். பிள்ளை ஏதாவது தப்பு செய்தால் என் வீட்டு வாசலுக்கு வாருங்கள், நான் பதில் சொல்கிறேன் என்று அர்த்தம். அதனால் நான் அவளை என் வீட்டுப் பிள்ளை ஆக்கினேன். எனக்கு ஒரே தம்பி. கல்யாணம் ஆகாமலே, மீசை சரியாக முளைக்கும் முன்னாலேயே போனவன். அவனை அறிந்தவர்கள் இப்போது யாரும் இல்லை. தம்பி மகள் என்று அந்தக் கூடத்தில் சொன்னதும் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். அதிகாரி அம்மா அதைப் பார்க்கவில்லை. அவர் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதிகாரி அம்மா பழைய கட்டடங்களையும் பழைய கதைகளையும் பார்த்துக்கொள்கிற ஒரு அலுவலகத்தில் பெரிய இடத்தில் இருந்தார். அந்தப் பெண்ணின் கை அட்டையைத் தேடிப் பைக்குள் போனது. நான் பின்னாலிருந்து அவள் தோளைக் கிள்ளினேன். கையை வெளியே எடுத்துவிட்டாள். சாப்பாடு முடியும்வரை இரண்டு பேரும் பேசினார்கள், என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. புறப்படும்போது அதிகாரி அம்மா என் கையைப் பிடித்து, "உங்க வீட்டுப் பொண்ணுன்னா எனக்குக் கவலை இல்லைக்கா. திங்கட்கிழமை அனுப்புங்க" என்றார். பெர்ரியில் திரும்பி வரும்போது அந்தப் பெண் என் தோளில் தலையைச் சாய்த்து, சேலை கசங்குவதைக்கூடப் பார்க்காமல் தூங்கினாள்.

முதலில் கொந்திராக் வேலைதான், நிரந்தரம் இல்லை. வயதானவர்களைத் தேடிப் போய் அவர்கள் பேச்சைப் பதிந்து வர வேண்டும். அதற்கும் யார் கதவைத் திறப்பார்கள்? சூலியா தெருவில் பணம் மாற்றும் கடை வைத்திருந்த ஒரு பெரியவர் அவளை இரண்டு முறை வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டார். அவர் சம்சாரத்துக்கு நான் தைத்திருக்கிறேன். கடையைப் பூட்டிவிட்டு நானே கூடப் போனேன். "யாரு இந்தப் புள்ள?" என்றார். "என் தம்பி மகதான் பாய்." "அத மொதல்லயே சொல்ல வேணாமா? ஏதோ வரி ஆபீசுப் பொண்ணுன்னுல்ல வெரட்டிவிட்டேன்" என்று சிரித்து, தேநீர் வரவழைத்தார். அதன்பிறகு அவரே வேறு வீடுகளைக் காட்டிவிட்டார். அப்படியே அந்த வார்த்தை தெருத் தெருவாகப் போனது. பாசாரில் மீன்காரர் கூட, "மருமக நல்லா இருக்கா?" என்று விசாரிப்பார். நல்லா இருக்கா என்று சொல்லிவிட்டு, கூட ஒரு கைப்பிடி இறால் வாங்கி வருவேன், அவளுக்குப் பிடிக்கும் என்று.

வேலை நிரந்தரமானது. அவள் பாயான் லெப்பாசில் ஒரு அடுக்குமாடிக்குப் போனாள். போகிறபோது காலில் விழுந்துதான் போனாள். முதல் தீபாவளிக்கு வந்தாள், அடுத்த தீபாவளிக்குத் தொலைபேசி, அதற்கு அடுத்ததற்கு ஒரு விளக்குப் படம் வந்தது. எல்லாருக்கும் அனுப்புகிற படம். அதற்கெல்லாம் நான் வருத்தப்படவில்லை. பிள்ளைகள் அப்படித்தான். வேலை இருக்கும்.

பிறகு ஒரு நாள் அதிகாரி அம்மா தைக்கக் கொடுத்ததை வாங்க வந்தபோது, "அக்கா, சனிக்கிழமை உங்க மருமக கல்லூரியில பேசுறா. வரலாறு படிக்கிற பிள்ளைங்களுக்கு வேலை எப்படித் தேடுறதுன்னு. நான் கெரேத்தாவில ஏத்திக்கிட்டுப் போறேன், வாங்க" என்றார். அவள் எனக்குச் சொல்லவில்லை. இருந்தும் போனேன். அதிகாரி அம்மா பக்கத்தில், முன்வரிசைக்கு அடுத்த வரிசையில் உட்கார்ந்தேன். மேடையில் அவள் கோட்டுப் போட்டு, ஒலிவாங்கியைக் கையில் பிடித்து அழகாகப் பேசினாள். பாதி ஆங்கிலம், பாதி மலாய். எனக்கு முழுசும் புரியவில்லை என்றாலும் பெருமையாகத்தான் இருந்தது. கடைசியில் பின்னால் இருந்து ஒரு நெட்டைப் பெண் எழுந்து தமிழிலேயே கேட்டாள். "அக்கா, உண்மையைச் சொல்லுங்கலா. உங்களுக்குக் கேபிள் இருந்துச்சா?" கூடம் முழுக்கச் சிரிப்பு. மேடையில் அவளும் சிரித்தாள். "கேபிளா? பினாங்குல எனக்கு ஒருத்தரையும் தெரியாது. ஒரு தையல் கடைக்கு மேல ரூம் எடுத்துத் தங்கியிருந்தேன். நானே ஆபீஸ் ஆபீஸா ஏறி இறங்கினேன். உங்களாலயும் முடியும்." கைதட்டினார்கள். நானும் தட்டினேன், கை அதுவாகத் தட்டியது. அதிகாரி அம்மா திரும்பி என்னைப் பார்த்தார்.

வெளியே தேநீர் மேசையருகே அவளைச் சுற்றி விரிவுரையாளர்களும் மாணவர்களும் நின்றார்கள். அதிகாரி அம்மா என்னைக் கையோடு கூட்டிப் போய், விளையாட்டாகத்தான் கேட்டார்: "என்னம்மா, ஒருத்தரையும் தெரியாதுன்னுட்டே? அத்தை இங்க நிக்கிறாங்களே." அவள் முகம் ஒரு நொடி மாறியது. என்னைப் பார்க்கவில்லை. பக்கத்தில் நின்ற மாணவர்களைப் பார்த்தாள். "அத்தை இல்ல மேடம். சும்மா அப்படிக் கூப்பிடுவேன். நான் தங்கியிருந்த வீட்டு ஆன்ட்டி." அதிகாரி அம்மா சிரிப்பை விடாமலே என் பக்கம் திரும்பினார். "அப்படியாக்கா?"

என் தம்பி மகள்தான் என்று நான் அடித்துச் சொல்லியிருந்தால் அவள் அத்தனை பேர் முன்னால் பொய்க்காரி ஆகியிருப்பாள். நான் அப்படிச் சொல்லவில்லை. "ஆமாம்மா. வாடகைக்கு இருந்த பொண்ணுதான்" என்றேன். அந்த ஒரு வாக்கியத்தில் நான் பொய்க்காரி ஆனேன். அதிகாரி அம்மா "ஓ" என்றார். திரும்பி வரும்போது வண்டியில் மழையைப் பற்றிப் பேசினார். அதற்கு முன், நான் வண்டியில் ஏறப் போனபோது அந்தப் பெண் ஓடிவந்து என் காதருகே, "அத்தை, தப்பா எடுத்துக்காதீங்க. அங்க அப்படித்தான் பேசணும். கேபிள்ல வந்தவள்னு சொன்னா என் வேலையை யார் மதிப்பாங்க?" என்றாள். அங்கே மேடம் முன்னால் ஆன்ட்டி, இங்கே காதுக்குள் அத்தை.

அவள் உழைத்தாள், நான் இல்லை என்று சொல்லவில்லை. வெயிலில் தெருத் தெருவாக நடந்தவள் அவள்தான். நான் திறந்தது கதவை மட்டும், உள்ளே போய் நின்று நிலைத்தது அவள் கெட்டிக்காரத்தனம். மேடையில் என் பேரைச் சொல்லி மாலை போடச் சொல்லவும் இல்லை. தெரியும் என்றாவது சொல்லியிருக்கலாம். ஒருத்தரையும் தெரியாது என்றால், அந்த ஒருத்தருக்குள் நானும்தானே இருக்கிறேன்? வாடகைப் பெண்ணாக வந்தவள் வாடகைப் பெண்ணாகப் போயிருந்தால் எனக்கு ஒன்றுமில்லை. நான் அவளுக்குக் கொடுத்தது செத்துப்போன என் தம்பியின் இடத்தை. அதை வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்கவும் இல்லை. அப்படி ஒன்று வாங்கவே இல்லை என்றாள். மீன்காரர் மருமகளை விசாரித்தபோது, "இருக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். இப்போது வேறு பக்கமாகச் சுற்றிப் போகிறேன்.

போன மாதம் பின்னறைக்கு ஒரு பெண் வந்தாள். பார்த்ததும் தெரிந்துவிட்டது, கூடத்தில் கேள்வி கேட்ட அந்த நெட்டைப் பெண். தையல் கடைக்கு மேல் ரூம் என்று மேடையில் கேட்டதை வைத்து விசாரித்துக்கொண்டு வந்திருக்கிறாள். வரலாறுதான் படித்து முடித்திருக்கிறாள். அவளுக்கும் அதே வேலைதான் வேண்டும். குணமான பெண், வாய் கொஞ்சம் நீளம். நேற்று அதிகாரி அம்மா தைக்கக் கொடுக்க வந்தார். முன்போலவே வருகிறார், குறை சொல்லக் கூடாது. அளவு எடுத்துக்கொண்டே, "மேல ஒரு பொண்ணு இருக்கும்மா, இதுவும் வரலாறு படிச்சது. நல்ல பொண்ணு" என்றேன். அவர் கண்ணாடியிலேயே என்னைப் பார்த்தார். "உங்களுக்கு என்ன உறவுக்கா?" என்று கேட்டார். குத்தலாகக் கேட்கவில்லை, மென்மையாகத்தான் கேட்டார். "ஒண்ணும் இல்லம்மா. ரூமுக்கு வந்த பொண்ணு." "சரிக்கா, பார்க்கலாம். ஆன்லைன்ல போடச் சொல்லுங்க" என்றார். நான் ஒரு ஆளைச் சொன்னால், இந்தக் கண்ணாடி முன்னால் நின்ற யாரும் இதற்கு முன் 'பார்க்கலாம்' என்று தட்டிக்கழித்ததில்லை.

அவர் வண்டி கிளம்பியதும் அந்தப் பெண் படியில் இறங்கி வந்தாள். எல்லாம் கேட்டிருக்கிறாள், பலகைத் தளம்தானே. "ஆன்லைன்ல எப்பவோ போட்டாச்சு ஆன்ட்டி, பதிலே இல்ல" என்றாள். கொஞ்ச நேரம் பொத்தான் டப்பாவை நோண்டிக்கொண்டு நின்றாள். பிறகு, "சொந்தக்காரப் பொண்ணுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்னலா ஆன்ட்டி? யாரு வந்து பார்க்கப் போறா?" என்றாள்.

"ஒரு தடவ சொல்லியாச்சும்மா" என்று சொல்லிவிட்டு, தையல் மெஷினை மிதித்தேன்.