அலுமாரியில் இருந்த அசல்

என் கணவரின் பூட்டனார் பிறந்த இத்தாலியக் கிராமத்துக்கு அப்பாவையும் அழைத்துப் போகத் திட்டமிட்டோம். அங்கே எஞ்சியிருக்கும் ஒரே உறவினரான முதியவர், தங்கள் குடும்பத்து மருமகளான என்னுடைய தகப்பனைப் பார்க்கக் காத்திருந்தார். நான் பட்டியல் போட்டு ஒவ்வொன்றாகக் கேட்டுக் குறித்தேன்.

"அப்பா, உங்கட வதிவிட அட்டை?"

"ஓம் பிள்ளை, பைக்குள்ளை கிடக்கு."

புறப்படும் நாளில், வீட்டுக்குப் பக்கத்திலுள்ள லா சப்பல் மெத்ரோ ரயில் நிலைய வாசலில், பயணச்சீட்டுகளோடு சேர்த்து வைக்க அதை வாங்கினேன். கையில் வந்தது நகல்!

"ஒறிஜினல் அலுமாரிக்குள்ளை பத்திரமா இருக்கு. துலைஞ்சா ஆர் திருப்பித் தருவினம்?"

இந்த நாட்டில் வாழ அனுமதி தரும் அந்த அட்டைக்காக அவர் ஒன்பது வருடம் காத்திருந்தவர். என்னால் கோபப்பட முடியவில்லை. ஆனால் எல்லையில் காவலர்கள் அவரை மட்டும் ரயிலிலிருந்து இறக்கிவிட்டால்? வீட்டுக்கு ஓடி அசலை எடுத்துக்கொண்டு அடுத்த ரயிலில் போனோம்.

இப்போது நான் கேட்டுக் குறிப்பதில்லை. கையில் வாங்கிப் பார்த்த பிறகே குறிக்கிறேன். அப்பாவின் சட்டைகளுக்கு உள்பை தைத்துவிட்டேன். அசல் அவர் நெஞ்சோடு இருக்கிறது.